இடாப்பை வைத்திருந்தவர்கள்

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போகும் வழியில், பேசாலைக்கு அயலில் இருக்கிறது ஓலைத்தொடுவாய். மணல், பனை, உடைமரம், எட்டும் தூரத்தில் கடல். தீவின் மற்றக் கரைக் கிராமங்களுக்கும் இதற்கும் பார்வைக்குப் பெரிய வேறுபாடில்லை. கோட்டையையும் முத்துக்குளிப்பையும் பற்றி எழுதும் வரலாற்று நூல்கள் இப்படிப்பட்ட ஊர்களை ஒரு வரியில் கடந்துவிடும். ஆனாலும் ஒரு கேள்விக்கு விடை தேட இத்தகைய ஊர்களே ஏற்றவை. கோட்டையும் கச்சேரியும் இல்லாத ஓர் ஊரில், தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பலருள் ஒருவர் மட்டும் எப்படி ஊருக்குப் பொதுவான ஆளாகிறார்? நள்ளிரவில் பொலிஸ் வந்தாலும், படகு திரும்பாவிட்டாலும், நிவாரணம் வந்தாலும் எல்லோரும் ஏன் அந்த ஒரு வீட்டுப் படலையையே தட்டுகிறார்கள்? பிறப்பு, படிப்பு, பணம், கட்சி என்று நான்கு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படும். நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் மன்னார்க் கரையின் ஐந்நூறு வருடத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த நான்கையும்விட நிலைத்து நின்ற வழி ஒன்று தென்படுகிறது. ஊரின் பெயர்களை எழுதி வைத்தவர், அந்த இடாப்பைத் தொலைக்காமல் காத்தவர், கேட்டபோது அதை எடுத்துக்காட்டக் கூடியவர் யாரோ, தலைமை பெரும்பாலும் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆட்சிகள் அவருக்குப் பதவி கொடுத்ததெல்லாம் பிற்பாடு நடந்த காரியம்.

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரில் கோட்டை கட்டியபோது, தென்னிந்திய முத்துக்கரையின் புன்னைக்காயலிலிருந்து பரவர் குடிகளைக் கொண்டுவந்து இங்கே இருத்தினார்கள். அந்தக் குடிகளுக்குத் தலைவர்களாகப் பட்டங்கட்டிமார் இருந்தார்கள். பட்டங்கட்டியின் மதிப்பு பரம்பரையால் வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோட்டைக்காரருக்கு அவரால் ஆக வேண்டிய காரியம் மிகச் சாதாரணமானது: எத்தனை வள்ளம், எத்தனை சுழியோடி, எவ்வளவு இறை, யார் கட்டினார், யார் கட்டவில்லை. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தபின் இந்த எண்ணிக்கை இரண்டு கைகளுக்குப் பிரிந்தது. ஒரு பக்கம் கொம்பனியின் பள்ளிக்கூட உபாத்தியாயர். யார் ஞானஸ்நானம் பெற்றார், யார் யாரை மணந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்பதையெல்லாம் அவர் பள்ளித் தோம்பில் பதிந்தார். அந்தத் தோம்பில் பெயர் இல்லாதவருக்கு முதுசக் காணியில் உரிமை கேட்பதே கடினம். யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலில் இத்தீவின் ஆலயங்களும் பேசப்படுகின்றன. அவற்றை அடுத்திருந்த பள்ளிகளில் நாளும் நடந்ததை எழுதி வைத்தவர்கள் உள்ளூர் உபாத்தியாயர்கள்தான்.

மறுபக்கத்தில் எழுதப்படாத இன்னொரு இடாப்பு இருந்தது. கத்தோலிக்கக் குருமார் தடைசெய்யப்பட்டிருந்தார்கள். கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் 1687இல் மாறுவேடத்தில் வந்து இறங்கும்வரை ஏறத்தாழ முப்பது வருடம் இக்கரை மக்களுக்குக் குரு இல்லை. பிள்ளை பிறந்தால் தண்ணீர் ஊற்றியவரும், செத்தவருக்குச் செபம் சொன்னவரும், திருநாள் தேதியைக் கணக்கிட்டவரும் ஊரில் இருந்த மூப்பரும் அண்ணாவியாரும்தான். அந்தக் காலத்து மூப்பருக்கு வருமானம் இல்லை, பட்டம் இல்லை. பிடிபட்டால் தண்டனை மட்டும் உண்டு. எந்த வீடு உண்மையில் எந்த வேதத்தில் நிற்கிறது, தோம்பில் புரட்டஸ்தாந்து என்று பதிந்த எந்தக் குடும்பம் இரவில் செபமாலை சொல்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த இரகசிய எண்ணிக்கையை ஒருவரிடம் ஒப்படைக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், மூப்பர் என்ற பொறுப்பு இப்பகுதி ஊர்களில் குரு வந்த பின்னும் கரையாமல் நின்றதற்குக் காரணம் புரியும். குருமார் இடம் மாறிப் போவார்கள். ஊரின் கணக்கு மூப்பரோடு ஊரிலேயே இருந்தது.

பிரித்தானியர் 1795இல் மன்னாரைக் கைப்பற்றினார்கள். எண்ணுவதில் அவர்களுக்கு இருந்த ஆசை தெரிந்ததே. முத்துக்குளிப்புக் காலத்தில் மரிச்சுக்கட்டியிலும் சிலாவத்துறையிலும் ‘கொட்டு’ என்ற அடைப்புக்குள் சிப்பிகளை எண்ணிப் பிரித்து, மூன்றில் இரண்டு பங்கை அரசுக்கு எடுத்து, ஒரு பங்கைச் சுழியோடிகளுக்கு விட்டார்கள். 1906ஆம் ஆண்டுக் குளிப்பில் அந்தக் கொட்டை மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப். சிப்பியை எண்ண வெள்ளைக்கார உத்தியோகத்தரை வைத்த அரசு, மனிதரை எண்ணும் வேலையை மட்டும் சம்பளமில்லாத தலைமைக்காரரிடம் விட்டுவிட்டது என்பது சற்றுச் சிரிப்புக்குரியது. பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் சட்டமாயிற்று. 1871இல் தீவு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பீடு நடந்தது. இரண்டும் ஊர் மட்டத்தில் விதானையாரையும் உடையாரையும் நம்பியே ஓடின. மன்னாரின் உதவி அரசாங்க அதிபராயிருந்த போக் 1888இல் அச்சிட்ட மாவட்ட விவரணம் போன்ற நூல்கள் பிற்கால ஆய்வாளருக்குப் பொக்கிஷம். ஆனால் அவ்வகை நூல்களில் வரும் தொகைகள் எல்லாம் ஏதோ ஒரு திண்ணையில் விதானையார் விரல்விட்டு எண்ணிய தொகைகளிலிருந்து எழுந்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் விதானையாரை வெறும் வெள்ளைக்கார எடுபிடி என்று சொல்லிவிடுவது எளிது. பலர் அப்படித்தான் நடந்தார்கள் என்பதற்கும் சான்று பஞ்சமில்லை. ஆயினும் அவர் இருந்த இடத்தின் இயல்பு இருமுகமானது. வரிக்கு ஆள் கணக்குக் கொடுக்க வேண்டியவரும் அவரே. பஞ்சத்திலும் பேதியிலும் அரிசிக்கு ஆள் கணக்குக் கொடுக்க வேண்டியவரும் அவரே. முதலாவதில் தொகையைக் குறைத்தும் இரண்டாவதில் கூட்டியும் எழுதத் தெரிந்தவரே நல்ல விதானையார் என்று ஊர் எண்ணியிருக்கும். அரசின் கண்ணுக்கு அது பொய்க்கணக்கு. ஊரின் கண்ணுக்கு அதற்குப் பெயர் சேவை. உள்ளூர்த் தலைமையின் நெறிமுறைச் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது. இன்றைய நிவாரணப் பட்டியல்களைப் பற்றிய முணுமுணுப்புகளைக் கேட்டால் அது இன்னும் தீரவில்லை என்பது விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இடாப்புகள் பெருகின. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வாக்காளர் இடாப்பு விரிந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் பகிஷ்கரிப்பால் வெறுமையாய்க் கிடக்க, மன்னார் – முல்லைத்தீவுத் தொகுதி பகிஷ்கரிப்பில் சேரவில்லை. இரண்டாம் உலகப் போரில் அரிசிக்குப் பங்கீடு வந்தது; கூப்பனும் சங்கக்கடையும் ஊருக்குள் நுழைந்தன. வீட்டில் எத்தனை வாய், அதில் எத்தனை குழந்தை, யார் தொழிலுக்காக வேறு கரைக்குப் போயிருக்கிறார் என்ற விவரம் வாரம்தோறும் அரிசியாக மாறியது. வாக்காளர் இடாப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஞாபகத்துக்கு வரும். கூப்பன் இடாப்பு ஒவ்வொரு வாரமும் அடுப்பில் தெரியும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மன்னார் வாக்காளர் சிவில் சேவையில் இருந்த சி. சிற்றம்பலத்தைச் சுயேச்சையாகத் தெரிவுசெய்து அனுப்பினார்கள். அவர் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தபால் தந்தி அமைச்சரானார். பாராளுமன்றத்துக்கு ஆங்கிலமும் கொழும்புப் பழக்கமும் உள்ள ஒருவரை அனுப்பிய அதே மக்கள், சங்கக்கடை நிருவாகத்துக்குத் தங்கள் ஒழுங்கையில் இருப்பவரையே தெரிந்தெடுத்தார்கள். இரண்டு தலைமைகளும் இரண்டு வேறு அளவுகோல்களால் அளக்கப்பட்டன. இரண்டாவதைப் பற்றி எழுதியவர்கள்தான் குறைவு.

1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து, பரீட்சை எழுதி நியமனம் பெறும் கிராம சேவகர் வந்தார். பெயர் பிறகு கிராம அலுவலர் என்று மாறியும் வடக்கில் பலர் அவரை இன்றும் ‘விதானையார்’ என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் நடந்துவிட்டது. புதிய விதானையார் இடமாற்றத்துக்கு உரியவர். வேறு ஊர்க்காரராக இருப்பார். அரசின் இடாப்பு அவர் மேசைக்குப் போக, ஊரின் இடாப்பு மெல்ல வேறு கைகளுக்கு நகர்ந்தது: கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். இந்தச் சங்கங்களின் செயலாளரும் பொருளாளரும் சம்பளம் வாங்குவதில்லை. மூப்பரும் விதானையாரும் விட்டுப்போன இடத்தில் வந்து நின்றவர்கள் இவர்கள்தான்.

கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் கையில் இருக்கும் சீ.ஆர். கொப்பியை எண்ணிக்கொள்ளுங்கள். கடதாசி அட்டை, துணி முதுகு, மூலைகளில் உப்புக்காற்றின் பொருமல். உள்ளே குறுக்கே கோடிட்டு அங்கத்தவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், படகின் பதிவிலக்கம், இயந்திரத்தின் குதிரைவலு, வலையின் வகை, சந்தா கட்டிய மாதம். சில பெயர்களுக்கு மேல் ஒரு கோடு: இறந்தவர், இந்தியாவுக்குப் போனவர், மகன் பெயருக்கு மாற்றியவர். போர்க்காலத்தில் கடலுக்குப் போகக் கடற்படையின் பாஸ் வேண்டும் என்ற நிலை இருந்தபோது, யார் தொழிலாளி, யார் அல்ல என்பதற்கு ஊரிடம் இருந்த ஆதாரம் இந்தக் கொப்பி. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக ஏறியபோதும், அதற்கு முன் பல மாதம் எண்ணெயே கிடைக்காமல் வரிசை நீண்டபோதும், கிடைத்த கொஞ்சத்தை யார் யாருக்கு எத்தனை லீற்றர் என்று பிரிக்க வடக்கின் கரைகளில் சங்கங்களின் அங்கத்தவர் விவரமே கைகொடுத்தது. ஆளுக்கு ஆள் மாறும் ‘பாடு’ முறை பிறழாமல் கரைவலை இழுக்கவும் இதே வகையான கணக்கு வேண்டும். இன்று யாருடைய முறை, நாளை யாருடையது, காற்றால் தவறிய முறையை எப்படி ஈடுசெய்வது என்பதில் ஒருவர் பலமுறை நேர்மையாக நடந்தால், பிறகு காணிச் சண்டைக்கும் கலியாணப் பேச்சுக்கும் அவரைக் கூப்பிடுவது இயல்பாகிவிடும். ஊர்த்தலைமைக்கான பாதையில் முதல் படி மேடைப்பேச்சு என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்தச் சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் நல்லது. பேச்சு அங்கே நாலு வரி. கணக்கு நாலு பக்கம்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. பெயர் எழுதுபவர் எழுத்தர் மட்டுமே. அவரைத் தலைவர் என்பது மிகை. அமைதிக் காலத்தில் இந்த மறுப்பு பெரும்பாலும் நிற்கும். அரசு இயங்கும்போது இடாப்பு ஒரு நகல். மூலம் கச்சேரியில் இருக்கும். ஆனால் 1990இல் மன்னார்த் தீவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். ஜூனில் போர் மறுபடி மூண்டது, ரயில் நின்றது, அலுவலகங்கள் சிதறின. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. அந்நிலையங்களுக்குள் வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கானோரை ஊர் ஊராகப் பிரித்து, குடும்பம் குடும்பமாகப் பதிந்து, உலர் உணவுக்கு அட்டை எழுத வெளிநாட்டு உத்தியோகத்தர் சிலரால் மட்டும் முடியுமா? ஒரே பெயரில் நாலு யோசேப்புகள் இருக்கும் கரையில், எந்த யோசேப்பு எந்த வீட்டுக்காரர் என்று சொல்ல ஊரவர் வேண்டும். பேசாலையிலிருந்து படகேறித் தனுஷ்கோடி மணலில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனவர்களிடையிலும் இதே கதைதான்; முகாமில் பணக்கொடைக்கும் அரிசிக்கும் வரிசை அமைத்தபோது ஊர்த் தொடர்ச்சி தெரிந்தவர்களே முன்னுக்கு வந்தார்கள். அரசு இல்லாத இடத்தில் நகலே மூலமாகிறது. அன்று எழுத்தராக இருந்தவரைத் தலைவர் என்று ஊர் சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே.

அதே 1990இன் ஒக்டோபரில், விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடக்கின் முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய தீவின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. பலர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நீண்ட காலம் ஓர் ஊரில் குடியிருப்பதே தலைமைக்கு அடிப்படை என்ற கருத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை கிடையாது, ஏனென்றால் இங்கே குடியிருப்பு ஒரே அடியில் அறுக்கப்பட்டது. ஆயினும் புத்தளத்து முகாம்களில் மக்கள் மன்னார் ஊர்ப் பெயர்களாலேயே தம்மை அடையாளம் சொல்லிக்கொண்டார்கள். யார் எருக்கலம்பிட்டி, யார் தாராபுரம் என்ற பதிவு பள்ளிவாசல் சபையோரிடமும் இளைஞர்களிடமும் தொடர்ந்தது. அந்த அகதி வாழ்விலிருந்து வந்த ரிஷாட் பதியுதீன் 2001இல் வன்னி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவருடைய அரசியலைப் பற்றிய வாதங்கள் வேறு. அவருடைய அடித்தளம் இடம்பெயர்ந்தோர் பட்டியல்களின் மேல் கட்டப்பட்டது என்பதை அவருடைய எதிரிகளும் மறுக்கமாட்டார்கள். வேறொரு திசையில் போனவர் ஷ்ரீன் சரூர். மன்னாரில் பிறந்து, வெளியேற்றத்தை அனுபவித்த அவர், 1990களின் பின்பகுதியில் மன்னாரில் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒன்றுசேர்த்து மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். சேமிப்பு, சிறுகடன் என்று தொடங்கிய அந்த வேலையின் ஆதாரமும் ஊர் ஊராகப் பெண்களின் பெயர் எழுதுவதுதான். இருவரும் எதிரெதிர் உதாரணங்கள் என்று சிலர் சொல்லக்கூடும். புறப்பட்ட இடம் ஒன்று என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த நெடுங்கதையின் உச்சம் 2011 ஜனவரி 8ஆம் தேதி மன்னாரில் எட்டப்பட்டது. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அளித்த சமர்ப்பணத்தில் ஓர் எளிய கழித்தல் இருந்தது. கச்சேரிக் கணக்குப்படி, போரின் இறுதிக் கட்டத்தில், 2008 ஒக்டோபர் அளவில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அந்தத் தொகையை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் வாதிடுகிறார்கள். இடையில் இறந்தவர், முன்பே வெளியேறியவர், இருமுறை பதியப்பட்டவர் என்று திருத்தங்கள் சொல்லப்படுகின்றன. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், அவர் கையிலெடுத்த ஆயுதம் எது என்பதைப் பார்க்க வேண்டும். உணர்ச்சிப் பேச்சு அவருக்குத் தெரியாததல்ல. அவர் முன்வைத்ததோ கிராம அலுவலர்கள் ஊர் ஊராகத் திரட்டி, பிரதேச செயலகம் வழியாகக் கச்சேரிக்குப் போன அரசின் சொந்த எண்ணிக்கை. நெடுந்தீவில் பிறந்து 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்த ஒருவர் அந்தக் கரையின் மிகப் பெரிய குரலானதில் மறைமாவட்டப் பதவிக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பதவி பலருக்கும் கிடைத்திருக்கிறது. அந்தக் கழித்தலைச் சபையில் எழுந்து செய்தவர் அவர்.

இரண்டாவது மறுப்பு முதலாவதைவிடக் கடினமானது. பெயர் எழுதும் கைக்குப் பெயரை விடும் வலிமையும் உண்டு. சாதியால் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள், மூப்பர் குடும்பத்தோடு பகையானவர்கள், பிந்தி வந்து குடியேறியவர்கள், ஆண்துணையற்ற பெண்கள் ஆகியோர் பட்டியலின் கடைசியிலோ வெளியிலோ நின்ற கதைகள் எல்லாக் கரைக் கிராமங்களுக்கும் பொது. பட்டங்கட்டியும் உடையாரும் எந்தக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. பிச்சைச் சம்பளம் முதல் 1995இல் தொடங்கிய சமுர்த்தி வரை, போருக்குப் பின் இந்திய உதவியில் வந்த 50,000 வீட்டுத் திட்டம் வரை, ‘தன் ஆட்களுக்கே எழுதினார்’ என்ற குற்றச்சாட்டு இல்லாமல் ஒரு பட்டியலும் நிறைவேறவில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு எந்த வடிவில் எழுகிறது என்பது கவனத்துக்குரியது. கோபித்தவர்கள் ‘இடாப்பே வேண்டாம்’ என்று சொல்வதில்லை. ‘இடாப்பை எல்லோர் முன்னும் வாசி’ என்பார்கள். பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் பட்டியலும், சங்கக் கதவில் ஒட்டப்படும் பட்டியலும் இந்தக் கோபத்தின் வெற்றிகள். ஒரு செயலாளர் அடுத்த வருடம் தெரிவாகாமல் போவதற்கு ஊர்களில் பொதுவாக இருக்கும் காரணமும் இதுதான். மறைத்த இடாப்பு அதிகாரமாகிறது, வாசித்த இடாப்பு பொறுப்பாகிறது என்ற பாகுபாட்டைச் சாதாரண மக்கள் சட்டம் படிக்காமலே செய்து வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் என் வாதம் பாதிதான் தாங்கும். மாதர் சங்கங்களின் கொப்பிகளை எழுதியவர்கள் பெண்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் பெயரும் படமும் தேதியும் ஒவ்வொரு ஆணைக்குழுவின் முன்னும் திரும்பத் திரும்பக் கொண்டுபோனவர்கள் தாய்மாரும் மனைவிமாரும். நாட்டில் இத்தனை விடாப்பிடியாகக் காக்கப்பட்ட இடாப்பு வேறில்லை. இடாப்பை வைத்திருப்பவரிடம் தலைமை வரும் என்பது முழுதும் உண்மையானால், பிரதேச சபைகள் எப்போதோ பெண்களால் நிறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தில் 25 வீத ஒதுக்கீடு புகுத்தப்பட்டு, 2018 பெப்ரவரி 10ஆம் தேதி கலப்பு முறையில் தேர்தல் நடந்த பிறகே அவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் சபைக்குள் வந்தார்கள். ஊரின் நம்பிக்கை தானாகவே பதவியாக மாறும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. சில கதவுகளைச் சட்டம் தள்ளித்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

கட்சிகள் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்போரும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஊர்த்தலைமையைக் கட்சிப் பட்டியலுக்குள் கொண்டுபோனது உண்மை. வேட்பாளர் பட்டியலும் ஓர் இடாப்புத்தானே, அதை எழுதுவது கட்சிச் செயலாளர். ஆனால் 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் தள்ளிப்போடப்பட்டு, 2025 மே 6ஆம் தேதிவரை ஏறத்தாழ எல்லாச் சபைகளிலும் தெரிவான உறுப்பினரே இல்லாத இரண்டு வருடத்தை யோசித்துப் பாருங்கள். சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். தெருவிளக்குக்கு முறையிடப் போனால் அலுவலகம் இருந்தது, கேள்வி கேட்க ஆள் இல்லை. அந்தக் காலத்திலும் கடற்றொழிலாளர் சங்கங்கள் கூடின, அவற்றின் சமாசம் கூடியது, ஆலய சபைகள் திருநாள் நடத்தின. கட்சித் தலைமை ஊரின் மேல் பூசப்பட்ட ஒரு படலம். அதற்குக் கீழே பழைய படலம் காயாமல் கிடக்கிறது.

எனினும் இந்தத் தலைமைக்கு எட்டாத இடமும் இருக்கிறது. இந்திய இழுவைப்படகுப் பிரச்சினையில், 2014 ஜனவரியில் சென்னையிலும் மே மாதத்தில் கொழும்பிலும் இரு நாட்டு மீனவர் பேச்சுவார்த்தை நடந்தபோது வடக்கின் சங்கத் தலைவர்கள் மேசையில் அமர்ந்தார்கள். சங்கக் கொப்பியிலிருந்து இரு நாட்டுப் பேச்சுவார்த்தை மேசைவரை ஒரு கரையோரத் தொழிலாளி நடந்துபோனது சாதாரணக் காரியமல்ல. ஆனால் மேசையில் அவர்களுக்குப் பயன்பட வேண்டிய இடாப்பு, அதாவது இந்தக் கடலில் தொழில் செய்ய யாருக்கு உரிமை என்ற கணக்கு, பாக்கு நீரிணையின் மறுகரை ஏற்றுக்கொண்ட கணக்கல்ல. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தபோது இன்னொரு சங்கடமும் வெளிப்பட்டது. பேசாலையிலேயே சிறு இழுவைப்படகுகளை வைத்துத் தொழில் செய்தவர்களும் அதே ஆலயத்தில் முழங்காலிடுபவர்கள், அதே சங்கங்களுக்கு அயலவர்கள். ஊரின் பெயர்களை எழுதத் தெரிந்தவருக்கு, ஊருக்குள்ளேயே நலன்கள் பிளவுபடும்போது எந்தப் பெயரின் பக்கம் நிற்பது என்பதைக் கொப்பி சொல்லித் தராது. ஓலைத்தொடுவாயில் கடலட்டை இனப்பெருக்க நிலையம் அமைந்த பின், கடலட்டைப் பண்ணைக்கு யாருக்கு எவ்வளவு கடல் என்ற கேள்வியும் இந்தக் கரைக்கு வந்துசேர்ந்திருக்கிறது. வடக்கின் பிற இடங்களில் அது சங்கங்களையே இரண்டாக்கியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் அரசு இடாப்பு எழுதும் முறையே மாறிவிட்டது. 2023இல் சமுர்த்தியின் இடத்தில் வந்த அஸ்வெசும நலத்திட்டத்தில், விண்ணப்பத்தின் விவரங்களுக்குக் கணினி புள்ளியிட்டுத் தெரிவுசெய்தது. ஊர்த் தலைவரின் பாரபட்சத்தை ஒழிப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் குறையில்லை. விளைவாக நாடெங்கும் பல இலட்சம் மேன்முறையீடுகளும் ஆட்சேபங்களும் குவிந்தன. வலை வாங்கக் கடன்பட்டுச் சீமெந்துச் சுவர் எழுப்பிய வீட்டைக் கணினி சுவரால் அளக்கும். கடனால் அளக்க அதற்குத் தெரியாது. பாரபட்சம் பார்க்கும் செயலாளரோடு சண்டை பிடிக்கலாம், அடுத்த கூட்டத்தில் தோற்கடிக்கலாம். புள்ளிமுறையோடு அது முடியாது.

காற்றாலை விவகாரத்தையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலையில் 30 விசிறிகள், 103.5 மெகாவாற். அதன் பாதைகளால் மழைவெள்ளம் வடிய வழியின்றித் தேங்குவதாக அயல் மக்கள் தொடர்ந்து முறையிட்டு வந்தார்கள். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியபின்னும் வேறு நிறுவனங்களின் விசிறிகள் வரவிருந்தன. கனிய மணல் அகழ்வுக்கான ஆய்வுகளும் தீவில் நடந்திருந்தன. 2025 ஆகஸ்டில் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மன்னார் பிரஜைகள் குழுவும் ஆலயங்களும் சங்கங்களும் முன்னின்றன. ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில் விசிறிப் பாகங்கள் பொலிஸ் பாதுகாப்போடு கொண்டுவரப்பட்டபோது மோதல் நடந்தது. மின்சாரம் நாட்டுக்கு வேண்டும், காற்று மன்னாரில்தான் வீசுகிறது என்ற அரசின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மக்களின் எதிர்ப்பில் மிகையான அச்சங்களும் கலந்திருக்கலாம். ஆனால் ‘மக்களோடு கலந்தாலோசித்தோம்’ என்று அரசு சொன்னபோது, கரையிலிருந்து திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி மின்சாரத்தைப் பற்றியதல்ல: எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் யாரோடு பேசினீர்கள், அவர்கள் பெயர் என்ன?